வன்னி வெயிலிலும் தார்க்கலவை ஆறிப்போவது ஏன்?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கத்தில் எங்கள் கிராமத்தின் உள்ளக வீதிக்குக் காபெற் (சல்லியும் தாரும் சேர்ந்த சூடான கலவை) இடும் வேலை தொடங்க இருக்கிறது. ஆலையிலிருந்து கலவை வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அயல் கிராமத்தில் முன்னர் இட்ட வீதியில், மாரி முடிந்ததும் ஏறக்குறைய ஐம்பது மீட்டருக்கு ஓரிடம் என்ற கணக்கில் சல்லி கழன்றுவிட்டது. இந்த வெயிலில் தார் எப்படி ஆறும் என்று வேலைத்தலத்தில் கேட்கிறார்கள். கிராம அபிவிருத்திச் சங்கமாக நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதியவற்றுள் மிகவும் பயன்படும் தகவல், சல்லி கழன்ற இடங்கள் ஒரே இடைவெளியில் வந்தன என்பதுதான். 3 மீட்டர் அகலத்தில், இறுகிய பின் 40 மில்லிமீட்டர் தடிப்பு வரும்படி விரித்தால், வீதியின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 280 கிலோ கலவை தேவைப்படும். 14 தொன் ஏற்றிய டிப்பர் ஒன்று 50 மீட்டர் தூரத்துக்குப் போதும். ஆகவே, ஒரு டிப்பரின் கலவை முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களிலேயே அந்த வீதி பழுதாகியிருக்கிறது என்று கருதுகிறேன். தாரின் தரமோ அடித்தளமோ பிழைத்திருந்தால் சேதம் இப்படி அளந்து வைத்தாற்போல் வந்திராது.

நீண்ட ஓட்டத்தில் டிப்பருக்குள் இருக்கும் கலவை முழுவதும் ஒரே அளவாக ஆறுவதில்லை. நடுப்பகுதி சூட்டைப் பெரிதாக இழக்காதிருக்க, காற்றுப் படும் மேற்பரப்பும் பெட்டியின் இரும்பைத் தொடும் ஓரங்களும் ஆறிக் கட்டிபட்டுவிடும். பெட்டியை உயர்த்தும்போது நடுவிலுள்ள சூடான கலவை முதலில் வழிந்து போக, ஓரத்தில் ஆறிய கலவையும் உருண்டு வரும் பெரிய சல்லியும் கடைசியில், கலவையை வீதியில் விரிக்கும் பேவர் இயந்திரத்தின் தொட்டிக்குள் விழுகின்றன. தொட்டியின் பக்கச் சிறகுகளில் தேங்குவதை ஒவ்வொரு டிப்பருக்குப் பின்னும் மடக்கி உள்ளே தள்ளும் பழக்கம் பல வேலைத்தலங்களில் உண்டு. அது ஆறிய கலவை எல்லாவற்றையும் திரட்டி ஒரே இடத்தில் விரிப்பதாக முடியும் என்பதால், அதைத் தவிர்க்கும்படி கட்டாயம் கேளுங்கள். சுற்றியுள்ள பகுதியைவிட 14 பாகை செல்சியஸ் அளவுக்கோ அதற்கு மேலோ ஆறியிருக்கும் இடங்கள் பெரும்பாலும் போதியளவு இறுகுவதில்லை என்பதை அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படி இறுகாத இடத்தில் காற்றிடைவெளி 8 வீதத்தைத் தாண்டினால், அவ்விடைவெளிகள் ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டு நீருக்கு வழிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் உட்புகும் நீர் தாரைக் கல்லிலிருந்து பிரித்துவிடும்.

இலங்கையில் வழக்கமாகப் பயன்படும் 60/70 தரத் தாருக்கு (இந்த எண் தாரின் கடினத்தைக் குறிப்பது), கலவை ஆலையை விட்டுப் புறப்படும்போது 150 முதல் 165 பாகை வரையும், விரிக்கும்போது 135 பாகைக்குக் குறையாமலும் இருப்பது பொதுவான எல்லை; உங்கள் ஒப்பந்த ஆவணத்தில் வேறு எண்கள் இருந்தால் அவற்றையே பின்பற்ற வேண்டும். 80 பாகைக்குக் கீழே இறங்கிய பின் எத்தனை முறை றோலரை ஓட்டினாலும் அடர்த்தி அதிகரிக்காது. கற்கள் நொறுங்கி மேற்பரப்பில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். தூரத்தை ஈடுகட்டுவதற்காக ஆலையிலேயே 180 பாகைக்கு மேல் சூடாக்கி அனுப்புவதும் கூடாது. அவ்வாறு வந்த கலவையிலிருந்து நீலப்புகை எழும். அதிலுள்ள தார் முதிர்ந்து, வீதியில் விரைவில் வெடிப்பு விழும்.

வெயில் பற்றிச் சொல்லப்படுவது அரை உண்மை. 35 பாகைக் காற்று நமக்கு அனலாக இருந்தாலும், 140 பாகையில் விரிக்கப்பட்ட கலவைக்கு அது நூறு பாகைக்கு மேல் குளிரானது. மெய்யாக நேரத்தைத் தீர்மானிப்பவை தடிப்பும் காற்றும். 50 மில்லிமீட்டர் படை 80 பாகைக்கு இறங்க ஏறக்குறைய 25 நிமிடம் எடுக்குமென்றால், 25 மில்லிமீட்டர் படைக்குப் பத்து நிமிடமும் கிடைக்காது. சோளகம் பலமாக வீசும் மாதங்களில், வயல்வெளி நடுவே மறைப்பில்லாமல் ஓடும் வீதியில், அந்த நேரமும் குறையும். எனவே றோலர் பேவருக்குப் பின்னால் நெருங்கியே ஓட வேண்டும். நிழலில் நின்று முழு டிப்பரும் விரிந்து முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்தது பேவரின் வேகம். டிப்பர்கள் 25 நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால், மேற்சொன்ன கணக்கில் நிமிடத்துக்கு 2 மீட்டர் நகர்ந்தால் போதும். 5 மீட்டர் வேகத்தில் ஓடிப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் நிற்பதனால்தான் இயந்திரத்துக்கு அடியில், றோலர் எட்டாத இடத்தில், கலவை ஆறுகிறது. மெதுவாகவும் நிற்காமலும் ஓடுவதே நல்ல வேலை. நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால், அந்த முனையைச் செங்குத்தாக வெட்டி, புதிய மூட்டாகத் தொடங்கச் சொல்லுங்கள்.

டிப்பர் வந்ததும் படங்கு நான்கு பக்கமும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; பெட்டியின் நடுவை மட்டும் மூடிய படங்கினால் பயன் குறைவு. தூர நின்று சூடு பார்க்கும் கருவி மேற்பரப்பை மட்டுமே அளக்கும் என்பதால், அதன் எண்ணை வைத்து ஒரு சுமையை ஏற்கவோ திருப்பவோ கூடாது. கலவைக்குள் செருகும் வெப்பமானியைப் பல இடங்களில் குத்தி, எண் அசையாமல் நின்ற பின் குறிக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் எழுதும் ஒவ்வொரு சுமையின் வெப்பநிலை, வந்த நேரம், விரித்த இடம் ஆகிய மூன்றின் பிரதியைச் சங்கம் கேட்டு வாங்கி வைத்திருந்தால், பின்னர் ஓரிடம் கழன்றாலும் காரணத்தைத் தேடிப் பிடிக்கலாம்.

நனைந்த தளத்தில் எக்காரணம் கொண்டும் விரிக்க விடாதீர்கள். நீர் ஆவியாகிக் கலவையின் சூட்டை உறிஞ்சுவதோடு ஒட்டுப் பிடியையும் கெடுத்துவிடும்.

வன்னி வெயில் தொல்லை தருவது வேலை முடிந்த பிறகுதான். நண்பகலில் 50 பாகையைத் தாண்டிய தளத்தின் மீது இட்ட படை, மாலை வரை இளகியே இருக்கும். அது 60 பாகைக்குக் கீழே வரும்வரை பாரமான வாகனங்களை விடக் கூடாது. அறுவடைக் காலமென்றால் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் அன்று மாலையே ஏறப் பார்க்கும். எனவே அவற்றுக்கு மாற்று வழியை, வேலை தொடங்குமுன் ஊரோடு பேசித் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.