கேளுங்கள், சொல்கிறோம்: கண்ணுக்குத் தெரிகிற காலிங் பெல்

எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடிக்குக் காது கேளாத கணவன் மனைவி வந்திருக்கிறார்கள். தண்ணீர் லாரி வந்ததும் கதவைத் தட்டித் தட்டி எங்கள் கைதான் வலிக்கிறது. என்ன வழி? (வாசகி, தண்டையார்பேட்டை)

இருக்கிற பெல்லோடு ஒரு பல்பைச் சேர்த்துவிடுங்கள். வயர் வழியாக ஓடும் 230 வோல்ட் பெல் என்றால், அதற்குப் போகும் அதே இரண்டு வயரிலிருந்து பேரலலாக ஒரு ஹோல்டருக்கு இழுத்தால் போதும். சுவிட்சை அழுத்தினால் பல்பும் எரியும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன்தான் செய்யவேண்டும். பேட்டரி ரிமோட் பெல்லில் இது நடக்காது.

சொதப்புவது பல்பில்தான். ஜீரோ வாட் பல்பு பகலில் எரிவதே தெரியாது. 9 வாட் எல்.இ.டி. போடுங்கள், சிவப்போ நீலமோ. வெள்ளை என்றால் டியூப்லைட் மினுக்குகிறது என்று இருந்துவிடுவார்கள். சில எல்.இ.டி. எரியவே அரை நொடி ஆகும். தொட்டுவிட்டுக் கையை எடுக்காமல், விட்டுவிட்டு நாலு முறை நன்றாக அழுத்துங்கள். ஹாலில் ஒன்று மட்டும் போதாது. பாத்திரம் கழுவுகிறவர் முதுகுக்குப் பின்னால் எரிந்து என்ன பயன்? அவர் முகம் பார்க்கும் சுவரில் இன்னொன்று வேண்டும்.

நடுராத்திரி லாரிக்கு விளக்கு உதவாது. தலையணைக்கடியில் வைப்ரேஷனில் போன் வைக்கச் சொல்லி, வீடியோ கால் போடுங்கள். சார்ஜில் போட்டபடி வைக்கக்கூடாது, சூடாகும்.

வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம். எழுதுவதும் சுருக்கமாக: ‘தண்ணீர் லாரி. மாலை 5. கீழே.’ சைகை மொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. சைகை மொழியின் இலக்கணமே வேறு.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்களா? (வாசகர், ராயபுரம்)

பாதிகூட எட்டாது. பணம், மணம் இரண்டையும் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள், உதடு ஒரே மாதிரிதான் அசையும். ககரம் தொண்டைப் பக்கம் பிறப்பதால் வெளியே தெரிவதே இல்லை. கத்தினால் வாய் கோணி இன்னும் குழப்பும். கால்குலேட்டரில் தொகையை அடித்து அவர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள், வேலை முடிந்தது.

‘ஊமை’ என்றால் கோபப்படுகிறார்கள். ‘செவித்திறன் குறைந்தவர்’ என்பதுதான் சரியா? (வாசகி, வியாசர்பாடி)

கோபம் நியாயம்தான், கையால் நாளெல்லாம் பேசுகிறவரை ஊமை என்றால்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை செவித்திறன் குறைந்தவர் என்றும் பிரிக்கிறது. அது சான்றிதழுக்கான கணக்கு. சைகை மொழிக்காரர்கள் தங்களுக்குள் டெசிபல் கேட்டுக்கொள்வதில்லை. பலருக்கு ‘குறை’ என்ற சொல்லே பிடிக்காது, ‘காது கேளாதவர்’ என்பதே போதும். ஆளைக் குறிப்பிட அவர்களுக்குள் சைகைப் பெயர் இருக்கும். கன்னத்து மச்சம், சிரிக்கும் விதம் என்று ஏதாவது அடையாளத்தை வைத்து அமைவது. அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம், நீங்களாக ஒன்றை வைத்துவிடாதீர்கள்.