ஏற்காடு மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். பைத்தான் நிரல்மொழியில் 'இஃப் முகவரி.ஃபைண்ட்("ஏற்காடு")' என்று போட்டால், ஏற்காடு என்று தொடங்கும் முகவரிகள் விடுபடுகின்றன. செவ்வாய்பேட்டை முகவரிகளெல்லாம் வந்து நிற்கின்றன. ஏன் சார்?

பதில்: ஃபைண்ட் 'உண்டு, இல்லை' சொல்லாது, இடத்தைச் சொல்லும். முதலிலேயே இருந்தால் 0. எங்குமே இல்லாவிட்டால் -1. இஃபுக்கு 0 பொய், -1 மெய். அதனால்தான் இந்தத் தலைகீழ்க் கூத்து! 'இஃப் "ஏற்காடு" இன் முகவரி' என்று எழுதுங்கள், போதும்.

அடுத்து கோரிமேடு முகவரிகளைத் தேடும்போது மாட்டுவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். 'கோ'வின் துணைக்குறி, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் இருக்கலாம். நம் கண்ணுக்கு ஒன்று, பைத்தானுக்கு வேறு வேறு. தேடும் முன், முகவரி, தேடுசொல் இரண்டையும் பைத்தானின் 'யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்' வழியே, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் 'என்எஃப்சி' வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.