வறுக்கும்போது 40 பிபிஎம் காட்டுதா? அது நைட்ரஜன் டையாக்சைடு இல்லீங்க

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "எம்கியூ-135ங்கிற கேஸ் சென்சாரை ஆர்டுயினோ (சின்ன ப்ரோகிராம் போர்டு)வுல மாட்டி சமையலறையில வெச்சிருக்கேன். கேஸ் அடுப்புல ஏதாவது வறுத்தா ஸ்க்ரீன்ல 'நாக்ஸ் 40 பிபிஎம்'னு ஏறிடுது. வீட்டுல ஆஸ்துமா இருக்கிற குழந்தை இருக்கு, பயமா இருக்கு. இத நம்பலாமா?"

அந்த 40ஐ நம்பாதீங்க. நாக்ஸ்னா நைட்ரஜன் ஆக்சைடுகள், அதுல ஆஸ்துமாவுக்கு ஆகாதது நைட்ரஜன் டையாக்சைடு; பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு. ஃபேக்டரி மாதிரி வேலை செய்யுற இடங்களுக்கே நைட்ரஜன் டையாக்சைடுக்கு அமெரிக்காவோட பணியிட பாதுகாப்பு அமைப்பான ஓஷா வெச்சிருக்கிற உச்ச வரம்பு 5 பிபிஎம் தான், அதுக்கு எட்டு மடங்கு ஒரு வீட்டு அடுப்புல இருந்து வராது.

அப்ப ஏறுறது எதுன்னு கேப்பீங்க. அந்த சென்சாருக்குள்ள இருக்கிறது டின் ஆக்சைடு, ஹீட்டர் வெச்சு சூடாக்கி வெச்சிருப்பாங்க, அதுல கரண்ட்டை கொண்டு போறது எலக்ட்ரான்கள், ஆனா காத்துல இருக்கிற ஆக்சிஜன் மேற்பரப்புல ஒட்டிக்கிட்டு கொஞ்சம் எலக்ட்ரானை பிடிச்சு வெச்சுக்கும். ஆல்கஹால், கார்பன் மோனாக்சைடு, எண்ணெய் ஆவி இதெல்லாம் வந்தா அந்த ஆக்சிஜனோட வினை புரிஞ்சு எலக்ட்ரானை திருப்பி விட்டுடும், ரெசிஸ்டன்ஸ் இறங்கும், உங்க போர்டுல வோல்டேஜ் ஏறும், ஆர்டுயினோ ப்ரோகிராம் அத பிபிஎம்னு மாத்தி காட்டும். நைட்ரஜன் டையாக்சைடு அப்படியே நேர் எதிர். அது இன்னும் எலக்ட்ரானை பிடுங்கிக்கும், ரெசிஸ்டன்ஸை ஏத்தும். அதாவது அது வந்தா உங்க நம்பர் இறங்கணும்! வறுக்கும்போது ரெண்டு வகையும் சேந்தே வரும், ஒண்ணு ஏத்த ஒண்ணு இறக்க, கடைசியில மிஞ்சுறத தான் நீங்க பாக்குறீங்க.

சந்தேகமா இருந்தா ஹேண்ட் சானிடைசர் மூடிய திறந்து சென்சார்ல இருந்து ஒரு சாண் தள்ளி பிடிங்க. சில விநாடியில நம்பர் எகிறும், ஸ்க்ரீன் அதையும் நாக்ஸ்னு தான் சொல்லும்.

நைட்ரஜன் டையாக்சைடுக்குன்னே செஞ்ச மெட்டல் ஆக்சைடு சென்சார் வேணும்னா மிக்ஸ்-2714 மாதிரி இருக்கு, 0.05ல இருந்து 10 பிபிஎம் வரைக்கும் அளக்கும்னு போட்டிருப்பாங்க. ஆனா ஓசோனும் ரெசிஸ்டன்ஸை ஏத்தும், ஈரப்பதமும் ரீடிங்கை நகர்த்தும், பேஸ்லைன் (கேஸ் இல்லாதப்ப காட்டுற அளவு) மாசக்கணக்குல நகர்ந்துட்டே இருக்கும். ஹீட்டர் சூட்டை குறைச்சா சென்சிட்டிவிட்டி கூடுற மாதிரி தெரியும், ஆனா ஒட்டின கேஸ் லேசுல விடாது, ரீடிங் பழைய இடத்துக்கு திரும்ப ரொம்ப நேரம் எடுக்கும். இன்னொண்ணு, பெட்டிய சிலிக்கோன் சீலன்ட் போட்டு அடைக்காதீங்க, அந்த ஆவியே சென்சார் மேற்பரப்பை கெடுத்துடும்.

நைட்ரஜன் டையாக்சைடுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன 24 மணி நேர சராசரி வரம்பு ஒரு கன மீட்டர் காத்துக்கு 25 மைக்ரோகிராம், அதாவது சுமார் 0.013 பிபிஎம், இது மிக்ஸ்-2714 பாக்கவே முடியாத அளவு. ஒரு மணி நேர வரம்பு 200 மைக்ரோகிராம், சுமார் 0.1 பிபிஎம், சமையல் நேரத்துல அது தாண்டுதான்னு தோராயமா பாக்கலாம், அவ்ளோ தான். குழந்தைக்காக முடிவு எடுக்கணும்னா ஓசோன் ஃபில்டர் வெச்ச எலக்ட்ரோகெமிக்கல் செல் (கேஸோட வேதிவினையில வர்ற கரண்ட்டை அளக்குற சென்சார்) வாங்குங்க, அதையும் காலிபரேட் பண்ணி, அதாவது தெரிஞ்ச அளவோட ஒப்பிட்டு சரிபார்த்து தான் நம்பணும்.

40 பொய்னாலும் கேஸ் தீயில நைட்ரஜன் டையாக்சைடு வர்றது பொய் இல்ல, ஆஸ்துமாவுக்கு அது ஆகாது. அதனால சென்சார் வர்ற வரைக்கும் காத்திருக்காம, அடுப்ப பத்த வெக்கிறதுக்கு முன்னாடியே வெளிய தள்ளுற எக்ஸாஸ்ட் ஃபேனை போட்டுடுங்க, அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும்.