தீ ஏன் சேறாகிறது?

கேள்வி: சென்ற டிசம்பரில் கல்லூரித் தோழர்கள் சேர்ந்து கொடைக்கானலை அடுத்த மன்னவனூர்ப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்கினோம். இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்ந்ததை நீர்வண்ணத்தில் வரைந்து, அவர்களில் ஒருவனுக்குத் திருமணப் பரிசாகக் கொடுக்க ஆசை. செல்போன் படத்தைப் பார்த்துத்தான் வரைகிறேன். எத்தனை முறை முயன்றாலும் தீ சேற்று நிறமாகிவிடுகிறது. கறுப்புப் பின்னணி உயிரில்லாமல் கிடக்கிறது. அக்ரிலிக்குக்கு மாறச் சொல்கிறார் ஒரு நண்பர். மாறிவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். அக்ரிலிக்கில் முதலில் இருட்டைப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் மஞ்சளை ஏற்றலாம். நண்பர் அந்த வசதியைத்தான் சொல்கிறார். நீர்வண்ணத்தில் அது நடக்காது. வண்ணத்தை ஊடுருவித் தெரியும் தாளின் வெள்ளைதான் அங்கே வெளிச்சம். ஆனால் தீயை வரைய அதைவிடத் தோதான ஊடகம் இல்லை என்பது என் கட்சி.

கொழுந்தின் நடுப்பகுதியில் தூரிகையே படக் கூடாது. அந்த இடத்தை உலர்ந்த வெள்ளையாகவே விட்டு, சுற்றிலும் மட்டும் சுத்தமான நீரைத் தடவுங்கள். ஈரத்தில் மஞ்சளைத் தொட்டு வையுங்கள், அது தானாகப் பரவும். ஈரம் குறையும் முன்பே வெளி ஓரத்தில் ஆரஞ்சு, அதற்கும் வெளியே பர்ன்ட் சியென்னா என்னும் செம்பழுப்பு. பிறகு நன்றாகக் காய விடுங்கள். நீங்கள் அவசரப்படுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஈர ஆரஞ்சோடு இரவின் நீலம் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துச் சாம்பல் கலந்த பழுப்பாகிவிடும். உங்கள் சேறு அதுதான்.

கறுப்பு ட்யூபை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியென்னாவையும் கெட்டியாகக் கலந்தால் ஆழமான இருட்டு கிடைக்கும். தீக்கு அருகில் பழுப்பும் தொலைவில் நீலமும் தூக்கலாக இருக்கட்டும். காய்ந்ததும் நீர்வண்ணம் வெளுக்கும் என்பதால், ஈரத்தில் பார்க்கும்போது கொஞ்சம் அதிகம் என்று பயப்படும் அளவுக்குக் கலந்து, ஒரே மூச்சில் பூசிவிடுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால் அடி வண்ணம் கிளம்பித் திட்டுத்திட்டாகும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித் தாளாக இருப்பது நல்லது. மெல்லிய தாள் இவ்வளவு ஈரத்தில் நெளிந்துவிடும்.

இனி, முக்கியமானது. குளிர்காயும் இரவை மறக்க முடியாமல் செய்வது தீயைவிட, அதை நோக்கிக் குனிந்த முகங்கள்தான். முன்பக்கம் சுட, முதுகு விறைக்கும் அந்த நிலை படத்தில் வர வேண்டும். உங்கள் செல்போன் படத்தில் அது இருக்க வாய்ப்பு குறைவு. தீ வெளுத்துப்போயிருக்கும், முகங்கள் கறுத்திருக்கும். யார் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கு ஓர் எளிய வழி: இரவில் விளக்கை அணைத்து, வீட்டில் யாரையாவது உட்காரவைத்து, முகத்துக்குக் கீழே தள்ளி ஒரு மெழுகுவத்தியை வைத்துப் பாருங்கள். மோவாயும் மூக்கின் அடிப்பக்கமும் புருவத்தின் கீழும் ஒளிரும், நெற்றி இருட்டுக்குள் போகும். பகல் வெளிச்சத்துக்கு நேர்மாறு. நமக்கு முதுகு காட்டி இருப்பவர்களுக்கு முகமே தேவையில்லை. கறுத்த உருவமும், காதோரத்திலும் தோளிலும் ஓர் ஆரஞ்சுக் கீற்றும் போதும்.

பொறிகளைக் கண்டபடி தெளித்துவிடாதீர்கள். அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1880இல் தீட்டிய ‘கேம்ப் ஃபயர்’ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இணையத்தில் பார்க்கலாம். எண்ணெய் வண்ணம்தான் என்றாலும், அதில் பொறிகள் புள்ளிகளாக இல்லாமல், மேலே போகப்போக வளையும் மெல்லிய கோடுகளாக இருப்பதைக் கவனியுங்கள். முழுக்கக் காய்ந்தபின் பிளேடு நுனியால் இருட்டைக் கீறினால் உங்களுக்கும் அப்படிக் கோடு வரும். கை நடுங்கினால் வெள்ளைப் போஸ்டர் வண்ணத்தால் இழுத்துவிடுங்கள். நீர்வண்ணத்தில் வெள்ளையே கூடாது என்று கண்டிப்புக் காட்டுபவர்கள் உங்கள் நண்பன் கல்யாணத்துக்கு வரப்போவதில்லை.

பரிசு என்பதால் இன்னொன்று. பளீரென்ற ஃப்ளோரசென்ட் ஆரஞ்சு கடையில் கண்ணை இழுக்கும், வாங்காதீர்கள். வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கிவிடும். சட்டம் போடும்போது கண்ணாடி தாளை ஒட்டாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று மணமக்களிடம் சொல்லிக் கொடுங்கள்.