அட்டை போஸ்டர் மாதிரி தெரியுதா? படத்தை முழுசா விடுங்க

காலேஜ் மியூசிக் மேகசின் அட்டை போஸ்டர் மாதிரி இருக்குன்னு மேடம் திருப்பி குடுத்துட்டாங்க, என்ன மாத்தணும்னு கேட்டிருந்தீங்க. பெருசாக்கி பாத்தேன், போட்டோ அருமை, அந்த பறை வாசிக்கிற பொண்ணு நேரா நம்மளையே பாக்குது, அதைப் போய் நடுவுல குட்டியா கட்டம் கட்டி அடைச்சு வச்சிருக்கீங்க! அட்டை முழுக்க விடுங்க, இடுப்புக்கு மேல மட்டும் தெரியுற மாதிரி வெட்டுங்க, தலை பத்திரிகை பேர் மேல லேசா ஏறினாலும் பரவால்ல, பெரிய பத்திரிகைலயும் அப்படி பண்றாங்க.

பத்திரிகை பேரு அட்டையோட மேல்பக்கத்துல, இடது ஓரத்துல தொடங்கி பெருசா வரணும், ஏன்னா கடைல ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கும்போது பெரும்பாலும் அந்த ஓரம்தான் வெளிய தெரியும். கெராங்னு (Kerrang!) ஒரு பிரிட்டிஷ் ராக் பத்திரிகை, அதோட லோகோவ பாருங்க, விரிசல் விட்ட எழுத்து, பாத்ததும் ராக், மெட்டல்னு புரிஞ்சிடும், உங்க பேரும் அப்படி பேசணும். ஃபான்ட் ஏழு இருக்கு, ரெண்டு போதும். மெயின் பேட்டி தலைப்பு மட்டும் பெருசு, மத்த தலைப்பெல்லாம் ஓரத்துல சின்னதா. விலை, மாசம், பார்கோடு எதுவுமே இல்ல, போஸ்டர் ஃபீல் வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் 10 பக்கம்னு போட்டிருக்கீங்க, நடுவுல பின் அடிக்கிறதா இருந்தா 4-ஆல வகுபடணும், 8 இல்லன்னா 12 ஆக்குங்க. 12 ஆக்கினா நடுப்பக்கம் ரெண்டையும் சேத்து அந்த பொண்ணு பேட்டிக்கே குடுத்துடலாம், அவங்க சொன்னதுல நல்ல ஒரு வரிய எடுத்து பெரிய எழுத்துல நடுவுல போடுங்க. பிரிண்ட்டுக்கு குடுக்கும்போது படம் 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி), சுத்தி 3 மிமீ ப்ளீட் (வெட்டுற கோட்டுக்கு வெளிய படத்தை நீட்டி விடுறது), மறக்காதீங்க.