நிமோனியா போயும் நிற்காத வீசிங்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. எட்டு மாதத்துக்கு முன் அடினோ வைரஸ் நிமோனியா வந்து வென்டிலேட்டரில் இருந்தான். அதிலிருந்து இளைப்பு விடவே இல்லை. ஆஸ்துமா என்று இன்ஹேலர் தருகிறார்கள், பெரிய பலன் இல்லை. நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா?

பதில்: ஆஸ்துமா குழந்தைகள் நடுநடுவே நன்றாக இருப்பார்கள். சளி பிடித்தால் வீசிங் வரும், மருந்துக்கு அடங்கும், அப்புறம் ஓடி விளையாடுவார்கள். எட்டு மாதமாக நெஞ்சு தெளியவே இல்லை என்றால் ஆஸ்துமா என்ற முடிவையே மறுபடி பார்க்க வேண்டும்.

அடினோ வைரஸ், குறிப்பாக அதன் 3, 7, 21 ஆகிய வகைகள், நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழாய்களின் உட்படலத்தை அரித்துவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது திரும்ப வளர்ந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் புண் ஆறும்போது தழும்பு கட்டி, குழாய் சுருங்கியோ அடைத்தோ போகிறது. பிராங்கியோலைட்டிஸ் ஆப்லிடரன்ஸ் என்று பெயர். வென்டிலேட்டர் வரை போன குழந்தைகளிடம் இது அதிகம். ஆஸ்துமாவில் தசை இறுகிய குழாயை இன்ஹேலர் விரிக்கும், தழும்பு கட்டிய குழாயை விரிக்காது.

எக்ஸ்-ரே நார்மல் என்று நிம்மதியடைய வேண்டாம். மூச்சை இழுத்த நிலையிலும் விட்ட நிலையிலும் எடுத்த சி.டி. ஸ்கேன்தான் உதவும், காற்று வெளியேறாமல் சிக்கிய பகுதிகள் திட்டுத்திட்டாகக் கறுப்பாகத் தெரியும். கூடவே காசநோய், மூச்சுக்குழாயில் சிக்கிய வேர்க்கடலை போன்றவை இல்லை என்பதையும் உறுதி செய்வார்கள். (வேர்க்கடலை விஷயம் விளையாட்டல்ல, இந்த வயதில் சகஜம்.)

இந்த நோய்தான் என்று உறுதியானால், தழும்பு கட்டிய குழாய்கள் பழையபடி ஆகாது. ஆனால் இது பெரும்பாலும் மேலும் மேலும் பரவிக்கொண்டே போகும் நோயல்ல. உங்கள் மகனின் நுரையீரல் இன்னும் வளர்கிறது, புதிய காற்றுப்பைகள் உருவாகின்றன. அதனால் பல குழந்தைகளுக்கு வருடங்கள் போகப்போக மூச்சு வாங்குவது குறைகிறது.

ஸ்டீராய்டு, அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இரண்டும் கொடுத்துப் பார்ப்பதுண்டு. சீக்கிரம் தொடங்கினால் பயன் இருக்கலாம். மாதக்கணக்கில் தினமும் வாய்வழி ஸ்டீராய்டு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, எலும்பும் வளர்ச்சியும் பாதிக்கும். வருடாவருடம் ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள். நன்றாகச் சாப்பிட வையுங்கள், மூச்சுவிடவே இவனுக்கு அதிக சக்தி செலவாகிறது. வீட்டில் சிகரெட், கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை எதுவும் கூடாது.

அடுத்த வேலை, டிஸ்சார்ஜ் சம்மரியையும் வைரஸ் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு குழந்தைகள் நுரையீரல் நிபுணரைப் பார்ப்பது. தூங்கும்போது ஆக்சிஜன் அளவு 92 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, உதடு நீலமானாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.