பத்துக் கூற்றுகளும் அறுபது கூற்றுகளும்: ஆல்ஃபாவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாமா?

ஆய்வு மாணவர் ஒருவரின் கேள்வி: 10 கூற்றுகள் கொண்ட டிஐபிஐ (TIPI), 60 கூற்றுகள் கொண்ட பிஎஃப்ஐ-2 (BFI-2) ஆகிய இரண்டு ஆளுமை வினாப்பட்டியல்களையும் 200 பேரிடம் ஒரே அமர்வில் கொடுத்தேன். பொறுப்புணர்வுப் பண்புக்குச் சிறியதில் க்ரோன்பாக் ஆல்ஃபா (கூற்றுகளின் உள் ஒத்திசைவைக் கொண்டு நம்பகத்தன்மையை மதிப்பிடும் எண்) 0.50, பெரியதில் 0.85, இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதன் அளவு) 0.55. சிறியது தரமற்றது என்று எழுதிவிடலாமா?

எழுத வேண்டாம். கூற்றுகள் தம்முள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதோடு, அவற்றின் எண்ணிக்கையையும் பொறுத்தே ஆல்ஃபா அமைகிறது. பிஎஃப்ஐ-2 இல் ஒரு பண்புக்கு 12 கூற்றுகள். டிஐபிஐயில் இரண்டே இரண்டு. பட்டியலின் நீளம் மாறினால் நம்பகத்தன்மை எவ்வளவு மாறும் என்று மதிப்பிடும் ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரத்தில் 0.85 ஐ இட்டு, நீளத்தை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 0.49 வரும். பெரிய பட்டியலையே இரண்டு கூற்றுகளாகச் சுருக்கியிருந்தாலும் ஏறக்குறைய இதே ஆல்ஃபாதான் கிடைத்திருக்கும். மேலும், 2003இல் வெளியான டிஐபிஐ, ஒரு பண்பின் வெவ்வேறு பக்கங்களைத் தொடும் கூற்றுகளை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது. அவை ஒன்றையொன்று எதிரொலிக்காதது எதிர்பார்த்ததே. எனவே, சில வாரங்கள் கழித்து அதே நபர்களிடம் மறுமுறை கொடுத்துப் பெறும் நம்பகத்தன்மையே அதற்குப் பொருத்தமான அளவுகோல்.

இனி 0.55 என்ற ஒட்டுறவுக்கு வருவோம். அளவீட்டுப் பிழை ஒட்டுறவைக் குறைத்துக் காட்டும் என்பதை உளவியலாளர் ஸ்பியர்மன் 1904இலேயே விளக்கி, திருத்தும் வழியையும் தந்தார். இரண்டு நம்பகத்தன்மைகளின் (0.50, 0.85) பெருக்கலுக்கு வர்க்கமூலம் கண்டு, அதனால் 0.55 ஐ வகுத்தால் 0.84 கிடைக்கிறது. இரண்டும் பெருமளவு ஒரே பண்பைத்தான் அளக்கின்றன என்பதற்கு இது நல்ல அறிகுறி. ஆனால் சிறிய பட்டியலின் உண்மையான நம்பகத்தன்மை 0.50 ஐவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு, அப்போது 0.84 என்பது மிகைமதிப்பீடாகிவிடும். திருத்தாத மதிப்பையும் அதன் 95% நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு; உங்கள் மாதிரிக்குச் சுமார் 0.45 முதல் 0.64 வரை) சேர்த்தே வெளியிடுங்கள்.

ஒரே பண்பின் ஒட்டுறவு மட்டும் போதாது. உளவியலாளர்கள் கேம்பெல்லும் ஃபிஸ்கேயும் 1959இல் முன்வைத்த பல்பண்பு-பல்முறை அணியை (பல பண்புகளைப் பல முறைகளில் அளந்து பெற்ற ஒட்டுறவுகளின் அட்டவணை) அமைத்து, சிறியதன் பொறுப்புணர்வு பெரியதன் பொறுப்புணர்வோடு கொள்ளும் உறவு, பெரியதன் இணக்கத்தோடோ புறமுகத்தன்மையோடோ கொள்ளும் உறவைவிடத் தெளிவாக மேலோங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் பண்பும் ஒன்றாகிவிடாது; என் அனுபவத்தில் மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் சோதனை இதுதான். இரண்டுமே தன்மதிப்பீடுகள் என்பதால், பதிலளிக்கும் பழக்கமும் ஒட்டுறவைச் சற்று உயர்த்தியிருக்கும்.

சராசரிகளை நேரடியாக ஒப்பிடாதீர்கள். டிஐபிஐ 7 புள்ளி அளவுகோல், பிஎஃப்ஐ-2 5 புள்ளி.

எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதையும் முடிவுரையில் பிரித்துச் சொல்லுங்கள். நம்பகத்தன்மை 0.50 என்றால் ஒருவரின் மதிப்பெண்ணில் திட்டப்பிழை, திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) சுமார் 0.71 பங்கு; 0.85 என்றால் 0.39 பங்கு. நேரம் குறைவாக உள்ள பெரிய குழு ஆய்வுகளுக்குச் சிறியது போதும். தனிநபர் ஒருவரைத் தேர்வு செய்யவோ ஆலோசனை கூறவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. இவை அனைத்துக்கும் முன்பாக, எதிர்நிலைக் கூற்றுகளின் (பண்புக்கு எதிரானதைச் சொல்பவை) மதிப்பெண்களைத் திருப்பிப் பதிந்திருக்கிறீர்களா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.